வெள்ளி விலை பார்க்கும் கணினியில் ஒட்டிய விளம்பரங்கள்: கழற்றிய வரிசை

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையோடு சேர்ந்த ஒரு வீட்டின் கணினி இது. ஐ3 பிராசஸர், 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 10. காலையில் வெள்ளி விலை பார்ப்பது, கூலிக் கணக்கு எழுதுவது, கரண்ட் பில் கட்டுவது, பிள்ளைகளின் பள்ளி வேலை எல்லாம் இதில்தான். வந்த புகார் ஒரே வரி: "அண்ணா, எதைத் தொட்டாலும் விளம்பரமா வருதுங்க, ஃபார்மேட் பண்ணிக் குடுத்துடுங்க."

ஃபார்மேட் செய்யவில்லை. விளம்பரம் கொண்டுவரும் நிரலை ஆட்வேர் என்பார்கள். அதற்கு ஃபார்மேட் பெரும்பாலும் வீண் வேலை. கணக்கு மென்பொருள், பிரின்டர் டிரைவர், பழைய எழுத்துருக்கள் என்று எல்லாவற்றையும் திரும்பப் போட ஒரு முழு நாள் ஓடிவிடும். அதன் பிறகு குரோமில் கூகுள் கணக்கைப் போட்டதும், கணக்கின் அமைப்புகளைத் திரும்பக் கொண்டுவரும் சிங்க் வழியாகப் பழைய எக்ஸ்டென்ஷன் (பிரவுசரோடு சேரும் துணை நிரல்) தானாக இறங்கி உட்கார்ந்துகொள்ளும். நோய் கணக்கோடு சேர்ந்து பயணம் செய்யும்போது வீட்டை இடித்துக் கட்டி என்ன பயன்?

இந்த வேலையில் பலர் தவறுவது வரிசையில்தான். கண்ணுக்குத் தெரியும் விளம்பரத்தை முதலில் துடைக்கிறார்கள். அதைக் கொண்டுவந்து போடுகிறவன் உள்ளேயே இருக்கிறான், மறுநாள் காலை எல்லாம் பழையபடி. முதலில் கொண்டுவருகிறவனைப் பிடிக்க வேண்டும்.

எந்த விளம்பரம் என்று பிரிப்பது

கருவி எதையும் இறக்குவதற்கு முன் ஒரு தாளும் பேனாவும் போதும். "விளம்பரம் வருது" என்று சொல்வது மூன்று வேறு பொருட்கள்.

முதலாவது, திரையின் வலது கீழ் மூலையில் எழும் சிறிய அட்டை. இந்தக் கணினியில் அதில் சிவப்புக் கேடயப் படம், "உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்" என்ற மிரட்டல், கீழே மங்கலான சிறிய எழுத்தில் ஓர் இணையதள முகவரி. அந்தச் சிறிய எழுத்துதான் முக்கியம். வைரஸ் ஸ்கேனர் எதுவும் தன் எச்சரிக்கைக்குக் கீழே குரோமின் பெயரையும் ஒரு தள முகவரியையும் போடாது. இது நோட்டிஃபிகேஷன். யாரோ எப்போதோ "அலோ" என்ற பொத்தானை அழுத்தியதால் வருவது. கணினிக்குள் எதுவும் நுழைந்திருக்க வேண்டும் என்றில்லை.

இரண்டாவது, பார்க்கிற பக்கத்துக்குள்ளேயே முளைக்கும் விளம்பரம், அல்லது முகவரிப் பட்டையில் தேடினால் அறிமுகமில்லாத ஒரு தேடுதளம் வழியாகச் சுற்றிக்கொண்டு போவது. இது பெரும்பாலும் எக்ஸ்டென்ஷன்.

மூன்றாவது, யாரும் தொடாமலே புதிய ஜன்னல் திறந்து விளம்பரப் பக்கம் வருவது. இது விண்டோஸுக்குள் இருக்கும் நிரல்.

இங்கே மூன்றும் இருந்தன. மூன்றாவது வகைக்கு நேரத்தைத் தாளில் குறிக்கச் சொன்னதில் கிடைத்தது: 9.12, 10.12, 11.12. மணிக்கு ஒருமுறை, நிமிடம் பிசகாமல். இப்படி ஒழுங்காக வந்தால் தேட வேண்டிய இடம், குறித்த நேரத்தில் நிரல்களை இயக்கும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலர்தான். மனிதர் கிளிக் செய்து வருகிற விளம்பரத்துக்கு இந்த நேர ஒழுங்கு இருக்காது.

பிரிப்பதற்கு இன்னும் சில சோதனைகள். அதே பக்கத்தைக் குரோமின் மறைநிலை ஜன்னலில் திறந்து பாருங்கள். தனியாக அனுமதி கொடுக்காதவரை அங்கே எக்ஸ்டென்ஷன்கள் ஓடாது. விளம்பரம் மறைந்தால் எக்ஸ்டென்ஷன்தான் காரணம். எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் எல்லாவற்றிலும் வந்தால் விண்டோஸ் அளவில் ப்ராக்ஸி (நெட் போக்குவரத்தை இடையில் வாங்கிக் கடத்துவது), ஹோஸ்ட்ஸ் (எந்தத் தளப் பெயருக்கு எந்த முகவரி என்று சொல்லும் கோப்பு), சான்றிதழ் (தளம் உண்மையானது என்று காட்டும் அடையாளம்) என்று தேட வேண்டும். அதே வைஃபையில் இருக்கும் மொபைலிலும் வந்தால் கணினியை விட்டுவிட்டு ரூட்டரைப் பாருங்கள். இந்த வீட்டில் மொபைலில் வரவில்லை. ரூட்டர் தப்பித்தது.

கணினி மெதுவாக இருப்பது வேறு விஷயம். பக்கத்து மூடியைக் கழற்றியபோது பிராசஸர் விசிறியில் பாலிஷ் தூசி கம்பளி போலப் படிந்திருந்தது. பட்டறையை ஒட்டிய கணினிகளில் இதை எப்போதும் பாருங்கள். உலோகத் தூசி போர்டில் ஷார்ட் ஆகவும் வாய்ப்பு உண்டு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, விசிறி சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு, புளோயரால் ஊதி எடுக்க வேண்டும். பாதி மெதுவுக்குக் காரணம் அதுதான்.

கை வைப்பதற்கு முன்

கணக்குக் கோப்புகள், புகைப்படங்கள், ஸ்கேன் செய்த ஆவணங்களை வெளி ஹார்ட் டிஸ்கில் நகல் எடுங்கள். ஆவணங்கள் மட்டும். டவுன்லோட்ஸ் ஃபோல்டரை அப்படியே அள்ளி வைக்காதீர்கள், நோயின் விதை பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். அடுத்து சிஸ்டம் ரெஸ்டோர் இயங்குகிறதா என்று பார்த்து, ஒரு ரெஸ்டோர் பாயின்ட் போடுங்கள். பல கணினிகளில் அது அணைந்தே இருக்கும்.

தேவையான கருவிகளை வேறொரு சுத்தமான கணினியில் இறக்கிப் பென் டிரைவில் கொண்டுவாருங்கள்: ஆட்வேரைத் தேடி நீக்கும் ஆட்வ்கிளீனர், மால்வேர்பைட்ஸ், தானாகத் தொடங்கும் நிரல்களைப் பட்டியலிடும் ஆட்டோரன்ஸ் (மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ளது). எல்லாமே தயாரிப்பாளரின் சொந்தத் தளத்தில் கிடைக்கும். தேடுபொறியில் "ஆட்வேர் ரிமூவர் இலவசம்" என்று தேடி முதலில் வரும் விளம்பர முடிவை அழுத்துவது, எலியைப் பிடிக்க இன்னொரு எலியை விடுவது.

பிறகு நெட் கேபிளைக் கழற்றிவிடுங்கள். வைஃபை என்றால் அணைத்துவிடுங்கள். ஆட்வேரின் ஒரு துண்டை நீக்கும்போது இன்னொரு துண்டு அதை மீண்டும் இறக்கும். நெட் இல்லாவிட்டால் அந்தச் சங்கிலி அறுகிறது. கையால் செய்யும் வேலை முழுவதும் நெட் இல்லாமலே நடக்கும் என்பதால், ஏற்காட்டில் சிக்னல் சரியாக எடுக்காத எஸ்டேட் வீடுகளிலும் இதே முறை பொருந்தும். பென் டிரைவை மட்டும் கீழேயே தயார் செய்துகொண்டு மலை ஏறுங்கள்.

வேலை முடியும்வரை அந்தக் கணினியில் பேங்க் பக்கம் எதையும் திறக்க வேண்டாம்.

எந்தத் தேதியில் நுழைந்தது

செட்டிங்ஸ் → ஆப்ஸ் பட்டியலில் வரிசையை "இன்ஸ்டால் டேட்" என்று மாற்றுங்கள். இங்கே ஒரே தேதியில் நான்கு நிரல்கள் வரிசையாக நின்றன: தமிழ் எழுத்துரு என்ற பெயரில் ஒன்று, பிடிஎஃப் மாற்றி ஒன்று, டிரைவர் புதுப்பிப்பான் ஒன்று, பிரவுசர் துணைவன் மாதிரி பெயரில் ஒன்று. வீட்டில் யாரும் கேட்டு வாங்கியது முதலாவது மட்டும்தான். மற்ற மூன்றும் அதன் முதுகில் ஏறி வந்தவை.

நடந்ததை ஊகிப்பது கடினமில்லை. அச்சகத்திலிருந்து வந்த பில் மாதிரி பழைய பாமினி எழுத்துருவில் இருந்திருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். எழுத்துருவைத் தேடிப் போய், பக்கத்தில் இருந்த பெரிய பச்சை "டவுன்லோட்" பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். அது விளம்பரப் பொத்தான். இறங்கியது எழுத்துரு அல்ல, இன்ஸ்டாலர்.

இதை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுங்கள்: எழுத்துருக் கோப்பின் பின்னொட்டு டிடிஎஃப் அல்லது ஓடிஎஃப். அதன்மேல் வலது கிளிக் செய்தால் "இன்ஸ்டால்" இருக்கும், அவ்வளவுதான் வேலை. எழுத்துரு என்ற பெயரில் இஎக்ஸ்இ இறங்கினால் அது வேறொன்று. பின்னொட்டு கண்ணில் பட, எக்ஸ்ப்ளோரரில் வியூ → ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை டிக் செய்துவிடுங்கள். யூனிகோடு தமிழ் எழுத்துருக்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்திலேயே இலவசமாக எடுக்கலாம். தட்டச்சுக்குத் தனி மென்பொருளே தேவையில்லை, தமிழ்99 விசைப்பலகையும் ஒலிபெயர்ப்பு விசைப்பலகையும் விண்டோஸ் 10-லேயே இருக்கின்றன.

இந்த நான்கையும் உடனே அன்இன்ஸ்டால் செய்யவில்லை. தேதியை மட்டும் தாளில் குறித்துக்கொண்டோம். அந்தத் தேதிதான் அடுத்த தேடலுக்கு அளவுகோல்.

மணிக்கு ஒருமுறை எழுகிறவன்

டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து, இடப்பக்கம் "டாஸ்க் ஷெட்யூலர் லைப்ரரி"யை அழுத்தி, வியூ மெனுவில் "ஷோ ஹிடன் டாஸ்க்ஸ்" போடுங்கள். நடுவில் வரும் பட்டியலில் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். எல்லாப் பெயரும் ஏதோ ஒரு அப்டேட் போலத்தான் இருக்கும். பார்க்க வேண்டியது "ஆக்ஷன்ஸ்" தாவலை.

கூகுளின் உண்மையான அப்டேட் பணி, புரோகிராம் ஃபைல்ஸுக்குள் கூகுள் ஃபோல்டரில் இருக்கும் நிரலை இயக்கும். இங்கே அதைப் போலவே பெயர் வைத்திருந்த ஒரு பணியின் ஆக்ஷனில் இருந்தது, ஸ்கிரிப்ட் கோப்புகளை ஓட்டும் விண்டோஸ் நிரலான டபிள்யூஸ்கிரிப்ட். அதற்கு வாலாக ஒரு பாதை: பயனரின் ஆப்டேட்டா (நிரல்கள் தங்கள் தரவை வைக்கும் மறைவான ஃபோல்டர்) → ரோமிங் → பொருளில்லாத எட்டு எழுத்துப் பெயருள்ள ஃபோல்டர் → ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு. "ட்ரிகர்ஸ்" தாவலில் இரண்டு வரிகள்: லாக்-ஆன் ஆனதும் ஒருமுறை, பிறகு மணிக்கு ஒருமுறை, முடிவில்லாமல். தொடக்க நேரம் 12-வது நிமிடம். தாளில் எழுதிய 9.12-ம் 10.12-ம் இங்கே வந்து சேர்ந்தன.

ஆப்டேட்டாவிலிருந்து ஸ்கிரிப்டை இயக்கும் பணி, அல்லது விண்டோஸின் கட்டளை நிரலான பவர்ஷெல்லை மறைவான ஜன்னலில் நீளமான புரியாத எழுத்துச் சரத்தோடு இயக்கும் பணி, வீட்டுக் கணினியில் நல்லதாக இருப்பது அரிது. 2022 தொடக்கத்தில் பரவிய குரோம்லோடர் என்ற ஆட்வேர் இந்த முறையில்தான் வந்தது. திருட்டுப் படம், திருட்டு கேம் என்ற பெயரில் ஐஎஸ்ஓ கோப்பாக (வட்டின் நகல்) இறங்கி, டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு பவர்ஷெல் பணியை நட்டுவைத்து, அதன் மூலம் குரோமுக்குள் எக்ஸ்டென்ஷனை ஏற்றியது.

பணியை உடனே டிலீட் செய்யாதீர்கள். முதலில் வலது கிளிக் → டிஸேபிள். அடுத்து எக்ஸ்போர்ட் செய்து பென் டிரைவில் ஒரு நகல். ஏதாவது தவறாகப் போனால் திரும்பப் போட முடியும், ஸ்கிரிப்ட் இருக்கும் பாதையும் பதிவாகிவிடும். ஸ்கிரிப்டை உள்ளே பார்க்க நினைத்தால் வலது கிளிக் → எடிட் மட்டும். இரட்டைக் கிளிக் செய்தால் அது ஓடிவிடும்.

இதே பார்வையை ஆட்டோரன்ஸ் ஒரே திரையில் தரும். அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்குங்கள். ஆப்ஷன்ஸில் மைக்ரோசாஃப்ட் பதிவுகளை மறைக்கவும், கையொப்பங்களைச் சரிபார்க்கவும் டிக் செய்யுங்கள். இளஞ்சிவப்பு வரிகள் தயாரிப்பாளர் விவரமோ சரியான கையொப்பமோ இல்லாதவை. மஞ்சள் வரிகள் கோப்பே இல்லாமல் மிஞ்சிய சுவடுகள். இளஞ்சிவப்பெல்லாம் கெட்டது என்று அர்த்தமில்லை, பழைய பிரின்டர் டிரைவர்களும் அதில் வரும். டபிள்யூஎம்ஐ (விண்டோஸின் நிர்வாக வசதி) தாவலையும் விட்டுவிடாதீர்கள். வீட்டுக் கணினியில் அது பெரும்பாலும் காலியாக இருக்கும். அங்கே ஸ்கிரிப்ட் ஏதாவது உட்கார்ந்திருந்தால் அதுதான் கொண்டுவருகிறவன். டிக் எடுத்தால் அணையும், டிலீட் செய்தால் போய்விடும். முதல் சுற்றில் டிக் எடுப்பதோடு நிறுத்துங்கள்.

"ரிமூவ்" பொத்தான் இல்லாத எக்ஸ்டென்ஷன்

குரோமின் மூன்று புள்ளி மெனுவின் அடியில் "மேனேஜ்ட் பை யுவர் ஆர்கனைசேஷன்" என்று இருந்தது. பட்டறை வீட்டில் என்ன ஆர்கனைசேஷன்? எக்ஸ்டென்ஷன் பக்கத்தில் ஒன்றுக்கு மட்டும் "ரிமூவ்" இல்லை. அலுவலகங்கள் தங்கள் கணினிகளைக் கட்டுப்படுத்த வைத்திருக்கும் பாலிசி வசதியை ஆட்வேர் கடன் வாங்கிக்கொண்டது.

முகவரிப் பட்டையில் குரோம் என்று எழுதி, முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, பாலிசி என்று போட்டால் பட்டியல் வரும். "எக்ஸ்டென்ஷன் இன்ஸ்டால் ஃபோர்ஸ்லிஸ்ட்" என்ற வரியில் 32 எழுத்துள்ள ஓர் அடையாளம் இருக்கும். குரோம் எக்ஸ்டென்ஷன் அடையாளங்களில் ஆங்கிலத்தின் முதல் 16 எழுத்துகள் மட்டுமே வரும், எண்கள் வராது. அதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், இனி தேட அதுதான் சாவி.

விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியில் இது இருக்கக்கூடிய இடங்கள்: லோக்கல் மெஷின் → சாஃப்ட்வேர் → பாலிசீஸ் → கூகுள் → குரோம், அதே பாதை கரன்ட் யூசரின் கீழும். எட்ஜுக்கு பாலிசீஸ் → மைக்ரோசாஃப்ட் → எட்ஜ். பாலிசீஸ் இல்லாத சாதாரணப் பாதையில் கூகுள் → குரோம் → எக்ஸ்டென்ஷன்ஸ் என்றும் ஒன்று உண்டு, அதை வாவ்6432நோடுக்குள்ளும் (32-பிட் நிரல்களுக்கான பகுதி) பாருங்கள். அழிக்கும் முன் ஒவ்வொரு கீயையும் எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள்.

முதல் தடவை இந்தக் கீயை அழித்தது டாஸ்க் ஓடிக்கொண்டிருந்தபோதே, சோதனைக்காக. அடுத்த 12-வது நிமிடத்தில் திரும்பி வந்தது. டாஸ்க்கை டிஸேபிள் செய்துவிட்டு மீண்டும் அழித்ததும் வரவில்லை. அதோடு முடிந்தது என்று தோன்றியது. ரீஸ்டார்ட் செய்தால் பாலிசி மறுபடியும் அங்கே!

இரண்டாவது ஊற்று விண்டோஸ் → சிஸ்டம்32 → குரூப்பாலிசி ஃபோல்டர். அது மறைவாக இருக்கும். அதற்குள் மெஷின் என்ற ஃபோல்டரில் ரெஜிஸ்ட்ரி என்ற பெயரில், பின்னொட்டு பிஓஎல் உள்ள ஒரு கோப்பு. விண்டோஸ் தொடங்கும்போது இந்தக் கோப்பைப் படித்து ரெஜிஸ்ட்ரியில் எழுதுகிறது. ரெஜிஸ்ட்ரியை எத்தனை முறை துடைத்தாலும் விண்டோஸே திரும்ப எழுதிக் கொடுக்கும். எந்த ஸ்கேனர் "சுத்தம்" என்று சொன்ன பிறகும் பாலிசி திரும்பி வந்தால் இங்கே பாருங்கள். கோப்பின் தேதியும் அந்த எழுத்துரு நாளேதான். ஃபோல்டரை நகல் எடுத்துவிட்டு அழித்து, அட்மின் கமாண்ட் ப்ராம்ப்டில் பாலிசிகளைப் புதுப்பிக்கும் ஜிபிஅப்டேட் கட்டளையை ஃபோர்ஸோடு கொடுத்து, ரெஜிஸ்ட்ரி கீயையும் மறுபடி நீக்கி, ரீஸ்டார்ட். பாலிசி பக்கம் காலி.

அலுவலகம் கொடுத்த லேப்டாப்பில் இதைச் செய்யாதீர்கள், அங்கே அந்தப் பாலிசி உண்மையானது. சில ஆன்டிவைரஸ்களும் பள்ளிக் கணக்குகளும்கூட அந்த "மேனேஜ்ட்" வரியைக் கொண்டுவரும். வரியைப் பார்த்துப் பதறாமல் பாலிசி பக்கத்தில் என்ன இருக்கிறது என்று படியுங்கள்.

இப்போது "ரிமூவ்" பொத்தான் முளைத்திருக்கும். அதை அழுத்தும் முன் குரோமில் சிங்கை நிறுத்துங்கள். ஃபயர்ஃபாக்ஸில் இதற்கு இணையான இடம், நிரல் ஃபோல்டருக்குள் டிஸ்ட்ரிப்யூஷன் என்ற ஃபோல்டரில் உள்ள பாலிசீஸ் கோப்பு. அதன் பிறகு ஃபயர்ஃபாக்ஸின் "ரிஃப்ரெஷ்" போதும்.

டிஃபென்டர் ஏன் வாயைத் திறக்கவில்லை

விண்டோஸ் செக்யூரிட்டி → வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்ஷன் → மேனேஜ் செட்டிங்ஸ் → கடைசியில் எக்ஸ்க்ளூஷன்ஸ். விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபென்டர் எந்த ஃபோல்டரைப் பார்க்கக் கூடாது என்ற பட்டியல் இது. வீட்டில் காலியாக இருக்க வேண்டியது. இங்கே இரண்டு வரிகள். ஒன்று அந்த எட்டு எழுத்து ஃபோல்டர். மற்றொன்று, விண்டோஸை இலவசமாக ஆக்டிவேட் செய்வதாகச் சொல்லும் ஒரு திருட்டுக் கருவியின் ஃபோல்டர், பல மாதம் பழையது. அந்தக் கருவிகள் "ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இயக்குங்கள்" என்று கேட்கும். கேட்டபடி செய்தால் வாசல் கதவைக் கழற்றிவைத்த மாதிரி. இரண்டு வரிகளையும் நீக்கினோம்.

அதே செயலியில் ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல் → ரெப்யூட்டேஷன் பேஸ்டு ப்ரொடெக்ஷனுக்குள் "பொட்டென்ஷியலி அன்வான்டட் ஆப் பிளாக்கிங்" இருக்கிறது. ஆப்ஸ், டவுன்லோட்ஸ் இரண்டிலும் டிக் இருக்க வேண்டும். ஆட்வேர் கறாரான பொருளில் வைரஸ் அல்ல, "நெக்ஸ்ட்" அழுத்தி நீங்களே சம்மதித்தது என்பார்கள். அந்த இடைவெளியை அடைப்பதுதான் இந்த வசதி.

இதற்குப் பிறகுதான் அந்த நான்கு நிரல்களையும் அன்இன்ஸ்டால் செய்தது. இவற்றின் அன்இன்ஸ்டாலர்களை நிதானமாகப் படிக்க வேண்டும். "வைத்துக்கொள்" என்பது பெரிய நீலப் பொத்தான், "நீக்கு" என்பது மூலையில் சாம்பல் நிறச் சிறு எழுத்து. பிறகு ரோமிங்கில் இருந்த ஃபோல்டரை அழித்து, டிஸேபிள் செய்து வைத்திருந்த டாஸ்க்கையும் டிலீட் செய்தாயிற்று.

மிச்சம் மீதி

டெஸ்க்டாப்பில் குரோம் ஷார்ட்கட்டை வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸில் "டார்கெட்" வரியின் கடைசிக்குப் போங்கள். குரோம் இஎக்ஸ்இயும் மேற்கோள் குறியும் முடிந்த பிறகு ஓர் இணைய முகவரி ஒட்டியிருந்தால் அதை மட்டும் வெட்டுங்கள். ப்ரொஃபைல் டைரக்டரி என்று வருவது குரோமின் சொந்த வால், விட்டுவிடலாம். டாஸ்க்பாரில் பின் செய்திருப்பது தனி ஷார்ட்கட். டெஸ்க்டாப்பில் திருத்தினால் அது திருந்தாது. அன்பின் செய்து புதிதாகப் பின் செய்வது சுலபம்.

செட்டிங்ஸ் → நெட்வொர்க் → ப்ராக்ஸி. இங்கே கையால் போட்ட ப்ராக்ஸி 127.0.0.1 (இதே கணினியைக் குறிப்பது) என்ற முகவரியோடு இயக்கத்தில் இருந்தது. நீக்கிய நிரல்களில் ஒன்று பிரவுசரின் போக்குவரத்தைத் தன் வழியாகத் திருப்புவதற்காக வைத்தது. நிரல் போய் ப்ராக்ஸி மிஞ்சினால் நெட்டே வராது, "ப்ராக்ஸி சர்வரை அடைய முடியவில்லை" என்று நிற்கும். கிளீனரை ஓட்டினேன், நெட் செத்துவிட்டது என்று சொல்கிறவர்களில் பலருக்கு நடந்தது இதுதான். ஸ்விட்சை அணைத்தால் நெட் வந்துவிடும். அதே பக்கத்தில் "செட்டப் ஸ்கிரிப்ட்" என்பதும் அணைந்திருக்க வேண்டும்.

ஹோஸ்ட்ஸ் கோப்பு சிஸ்டம்32 → டிரைவர்ஸ் → இடிசி ஃபோல்டரில் இருக்கிறது. நோட்பேடை அட்மினாகத் திறந்து பாருங்கள். # குறியில் தொடங்கும் வரிகள் வெறும் விளக்கம். குறியில்லாத வரி இருந்தால், யார் போட்டது என்று தெரியாதவரை சந்தேகத்துக்குரியது. இங்கே எதுவும் இல்லை.

https என்று தொடங்கும் மறையாக்கப் பக்கங்களிலும் விளம்பரம் முளைத்தால் சான்றிதழ்களைப் பார்க்க வேண்டும். 2015 பிப்ரவரியில், லெனோவோ சில மடிக்கணினிகளில் முன்கூட்டியே ஏற்றி விற்ற சூப்பர்ஃபிஷ் ஆட்வேர் தன் சொந்த ரூட் சான்றிதழை (மற்றச் சான்றிதழ்களை நம்ப வைக்கும் மூலச் சான்றிதழ்) விண்டோஸில் நட்டுவைத்தது வெளியே வந்தது. மறையாக்கம் செய்த பக்கத்துக்குள்ளும் விளம்பரம் செருக அதுதான் வழி. அந்தச் சாவி கிடைத்த யாரும் போலிப் பேங்க் பக்கத்தை உண்மைபோலக் காட்ட முடியும். ஆட்டோரன்ஸ் சான்றிதழ்களைக் காட்டாது. கணினியின் சான்றிதழ்களைக் காட்டும் சர்ட்எல்எம் கன்சோலில் "ட்ரஸ்டட் ரூட்" பட்டியலில் ஆட்வேரின் பெயர் தெரிந்தால் அதை நீக்குங்கள். மற்றவற்றைத் தொடாதீர்கள்.

கடைசியாக நோட்டிஃபிகேஷன். குரோம் செட்டிங்ஸ் → ப்ரைவசி → சைட் செட்டிங்ஸ் → நோட்டிஃபிகேஷன்ஸில் "அலோ" பட்டியலில் 14 தளங்கள். அவற்றில் ஒன்று வெள்ளி விலை காட்டுவதாகச் சொல்லும் ஒரு பக்கம். விலை பார்க்க "அலோ" அழுத்துங்கள் என்று அது கேட்டிருக்கிறது. எந்த விலையும் நோட்டிஃபிகேஷன் அனுமதியோடு கட்டப்பட்டதல்ல, "பிளாக்" அழுத்தினாலும் விலை தெரியும். 14-ஐயும் நீக்கி, மேலேயே தளங்கள் கேட்கவே முடியாதபடி மாற்றியாயிற்று. எட்ஜிலும் இதே பெயரில் பட்டியல் இருக்கிறது.

ஸ்கேனர்களின் முறை

கைவேலை முடிந்து, நெட் கேபிளை மாட்டிய பிறகு ஆட்வ்கிளீனர். இதை இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை, நேரே இயக்கலாம். சில நிமிடங்களில் முடியும். கணினி தயாரிப்பாளர் போட்டுத் தந்த மென்பொருள்களைத் தனித் தலைப்பில் காட்டும், அதைக் கண்ணை மூடிக்கொண்டு டிக் செய்ய வேண்டாம். இங்கே மிஞ்சியது ஐந்து ரெஜிஸ்ட்ரி சுவடுகள். அடுத்து மால்வேர்பைட்ஸ். நிறுவியதும் 14 நாள் கட்டணப் பதிப்பு இயங்கும், பிறகு இலவசமாக மாறி, கேட்டால் மட்டும் ஸ்கேன் செய்யும். பிறகு டிஃபென்டரின் ஆஃப்லைன் ஸ்கேன். கணினி ரீஸ்டார்ட் ஆகி விண்டோஸ் வரும் முன்பே ஓடும், சுமார் 15 நிமிடம். இடையில் கரண்ட் போனால் வேலை வீண், யுபிஎஸ் பேட்டரியை முதலில் பாருங்கள்.

குரோமுக்குள்ளேயே இருந்த கிளீன்-அப் வசதியைத் தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம். 2023 மார்ச்சில் கூகுள் அதை எடுத்துவிட்டது.

பிறகு சோதனை. ஷட்-டவுன் செய்து போட்டுப் பார்ப்பது போதாது. விண்டோஸ் 10-ல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்-அப் இருப்பதால் ஷட்-டவுனில் சிஸ்டம் முழுதாக மூடுவதில்லை. "ரீஸ்டார்ட்" கொடுங்கள், இரண்டு முறை. ஒவ்வொரு முறையும் பாலிசி பக்கம், டாஸ்க் பட்டியல், ப்ராக்ஸி, எக்ஸ்க்ளூஷன் நான்கையும் பாருங்கள். அதன் பிறகு குறைந்தது மூன்று 12-வது நிமிடங்கள் கடக்கும்வரை கணினியைத் திறந்தே வையுங்கள். ஒன்றும் எழவில்லை.

கூகுள் கணக்கின் கடவுச்சொல்லையும் பேங்க் கடவுச்சொல்லையும் மொபைலிலிருந்து மாற்றச் சொன்னோம். ப்ராக்ஸி வைத்திருந்த நிரல் எதையெல்லாம் பார்த்திருக்கும் என்பதற்கு உறுதி கிடையாது. தினசரி வேலைக்கு அட்மின் உரிமை இல்லாத ஒரு பயனர் கணக்கு போட்டாயிற்று. எழுத்துரு என்று சொல்லி வரும் எதுவும் இனி பாஸ்வேர்டு கேட்கும். விளம்பரங்களைத் தடுக்கக் குரோமில் யூபிளாக் ஆரிஜின் லைட், ஃபயர்ஃபாக்ஸில் முழு யூபிளாக் ஆரிஜின். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. நீட்டிப்புத் திட்டத்தில் சேர்வது அல்லது விண்டோஸ் 11-க்குப் போவது பற்றி வீட்டில் பேசியாக வேண்டும்.

முழுத் திரையில் சைரன் ஒலியோடு "இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்" என்று ஒரு பக்கம் வந்து பூட்டிக்கொண்டால், எஸ்கேப் கீயை அழுத்திப் பிடியுங்கள், பிறகு ஆல்ட்டும் எஃப்4-ம். மசியாவிட்டால் டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடுங்கள். எண்ணுக்குக் கூப்பிடாதீர்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930.

மறுநாள் காலை மறுபடியும் ஒரு சிவப்புக் கேடய அட்டை வந்தது. பாலிசி காலி, டாஸ்க் இல்லை, நோட்டிஃபிகேஷன் பட்டியலும் காலி. அட்டையின் சிறிய எழுத்தில் அதே வெள்ளி விலைத் தளம். குரோமின் வலது மேல் மூலையில் இருந்த வட்டத்தை அழுத்தியதும் காரணம் தெரிந்தது: பள்ளி வேலைக்காக இரண்டாவதாக ஒரு ப்ரொஃபைல். ஒவ்வொரு ப்ரொஃபைலுக்கும் எக்ஸ்டென்ஷன், நோட்டிஃபிகேஷன், சிங்க் எல்லாம் தனித்தனி. அதற்குள் போய் மூன்று அனுமதிகளையும் ஒரு எக்ஸ்டென்ஷனையும் நீக்க இரண்டு நிமிடம் ஆனது.